சேவல் எத்தனை தரம் கூவிற்று?

மணிலாவிலிருந்து தள்ளியிருக்கும் சான் விடால் ஊரில் மனிதர்களைவிடச் சேவல்கள் அதிகம். சேவல்களைவிட வேதபண்டிதர்கள் அதிகம். முதல் வகையினர் ஞாயிறுதோறும் பந்தயத் திடலில் மோதிக்கொள்வார்கள். இரண்டாம் வகையினர் மாதம் ஒரு சனிக்கிழமை கூடைப்பந்துத் திடலில். இரண்டுக்கும் கூட்டம் ஒன்றுதான். வேர்க்கடலை விற்பவளும் ஒருத்திதான். பந்தயத் திடலில் தோற்ற சேவல் மறுநாள் குழம்பில் கிடக்கும். கூடைப்பந்துத் திடலிலோ பத்தொன்பது வருஷமாக இதுவரை யாரும் தோற்றதே இல்லை.

டிரைசிக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருந்த கிறிசாந்தோதான் கத்தோலிக்கத் தரப்பின் திருச்சபைக் காவலர் சங்கத்துக்குத் தலைவர். கடையில் பிரேக் கம்பி எந்த டப்பாவில் இருக்கிறதென்று அரைமணி நேரம் தேடுவார். கலாத்தியர் மூன்றாம் அதிகாரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். அவரிடம் ஐந்து பைபிள்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு, பச்சை, மஞ்சள் காகிதத் துண்டுகள் ஒட்டியிருக்கும். அவர் அவற்றைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு மேடையேறும்போது தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு யாரோ தோரணம் கட்ட வந்திருக்கிறார் என்றுதான் தோன்றும்.

எதிர்த்தரப்பில் முதல் ஒளிச் சபையின் போதகர் ஹெர்மோகெனெஸ். ஊருக்கு மோஹென். கிறிசாந்தோவின் மனைவி பிராசிங்குக்குக் கூடப்பிறந்த தம்பி. சின்ன வயதில் கோயிலில் மணியடித்துக்கொண்டிருந்தவர், இருபத்தேழு வயதில் டெங்குக் காய்ச்சலில் படுத்தபோது ஆஸ்பத்திரியில் யாரோ விட்டுப்போன பைபிளைப் படித்து, காய்ச்சலோடு கத்தோலிக்கமும் இறங்கி எழுந்து வந்தார். அன்றிலிருந்து மச்சான்கள் இருவருக்கும் மேடை. சனிக்கிழமை ஒருவரையொருவர் நரகத்துக்கு அனுப்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிராசிங் வீட்டில் ஒரே சட்டியில் பன்றிக்கறி தின்பார்கள். நரகத்துக்குப் போகிறவனுக்கும் சாப்பாடு வேண்டுமே.

பிராசிங் விவாதத்துக்கெல்லாம் தவறாமல் வருவாள். திடலின் நட்டநடு வரிசையில் நாற்காலி போட்டுக்கொண்டு பச்சை மாங்காயை இறால் சாந்தில் தொட்டுக் கடிப்பாள். புருஷன் பேசினாலும் கை தட்டமாட்டாள், தம்பி பேசினாலும் தட்டமாட்டாள்.

அந்த மாதத் தலைப்பு, 'வேதம் யாருக்கும் எளிதில் விளங்குமா, விளக்கம் சொல்லத் திருச்சபை வேண்டுமா?' மோஹென் தரப்பு, படிக்கத் தெரிந்தவனுக்கெல்லாம் விளங்கும். கிறிசாந்தோ தரப்பு, விளங்காது, அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம். இந்தத் தலைப்பில் ஏற்கெனவே எட்டு முறை பேசியாயிற்று. ஆனால் இந்த முறை கிறிசாந்தோ ஒரு வெடியைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். சேவல்.

சேவல் கூவும் முன்பு என்னைத் தெரியாதென்று மூன்று தரம் மறுதலிப்பாய் என்று தன் சீடர் பேதுருவிடம் ஆண்டவர் சொன்னதாகச் சுவிசேஷத்தில் மத்தேயு எழுதுகிறார். லூக்காவும் யோவானும் அப்படியே. மாற்கு மட்டும், சேவல் இரண்டு தரம் கூவும் முன்பு என்கிறார். எல்லாம் எளிதில் விளங்கும் என்பவன் இதற்கு என்ன சொல்வான்?

வெடியைப் பரிசோதிக்க, பந்தயச் சேவல்களுக்குக் கத்தி கட்டும் கிழவர் பந்தோயிடம் போனார் கிறிசாந்தோ. ஊரில் சேவலைப் பற்றி அவர் சொன்னால் மறுபேச்சில்லை.

"பந்தோய் அண்ணே, ஒரு சேவல் விடியக்காலையில எத்தனை தரம் கூவும்?"

கிழவர் காலடியில் கட்டிக்கிடந்த சேவலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "எந்தச் சேவல்?"

"ஏதோ ஒரு சேவல்."

"ஏதோ ஒரு சேவல்னு ஒண்ணு கிடையாதுப்பா. இது கூவும், பக்கத்து வீட்டுது பதில் சொல்லும், அதுக்கு இது பதில் சொல்லும். உங்க சங்கக் கூட்டம் மாதிரிதான். ஒரு தரம் கூவி நிறுத்துச்சுன்னா அதுக்குப் பேரு கூவுறது இல்ல, விக்கல்."

"அப்ப எண்ணவே முடியாதா?"

"கோழி வளக்காதவன்தான் எண்ணுவான்."

இதில் தனக்குச் சாதகமானது எதுவும் இல்லையென்பதால் கிறிசாந்தோ அதை மறந்துவிட முடிவு செய்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் திடல் நிறைந்திருந்தது. நடுவராக ஊர்த்தலைவர், கழுத்தில் கூடைப்பந்து விசிலோடு. சங்கத்துச் செயலாளர் ஒலிம்பியா, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், முன்வரிசையில் குறிப்பேட்டோடு. யாரோ ஒருவர் செல்போனைக் கம்பத்தில் கட்டிப் பேஸ்புக்கில் நேரலை போட்டுக்கொண்டிருந்தார்.

கிறிசாந்தோ வெடியைப் பற்றவைத்தார். "சகோதரர் ஹெர்மோகெனெஸ் அவர்களே, எல்லாருக்கும் விளங்கும்னு சொல்றீங்க. எனக்கு விளங்கல. சேவல் ஒரு தரமா, ரெண்டு தரமா?"

மோஹென் அசரவில்லை. அவரும் படித்துத்தான் வந்திருந்தார். "ரொம்பச் சுலபம். முதல் கூவலுக்கு முன்னாடி பேதுரு மூணு தரம் மறுதலிச்சார். ரெண்டாவது கூவலுக்கு முன்னாடி இன்னும் மூணு தரம். மொத்தம் ஆறு. எல்லா வசனமும் சரியாப் போச்சு."

கிறிசாந்தோவுக்குப் பிறந்தநாள் வந்ததுபோல ஆயிற்று. கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். "கேட்டீங்களா ஜனங்களே! மாதாவைப் பத்தி நாம சொன்னா, பைபிள்ல எங்கன்னு கேப்பாரு. செத்தவங்களுக்கு உத்தரிக்கிற ஸ்தலம் இருக்குன்னு சொன்னா, பைபிள்ல எங்கன்னு கேப்பாரு. இப்ப இவரே பாவம் அந்தப் பேதுரு தலையில இன்னும் மூணு மறுதலிப்பைத் தூக்கி வைக்கிறாரு! அந்த மனுஷன் மூணுக்கே அழுதான்யா!"

கத்தோலிக்கப் பக்கம் அதிர்ந்தது. முதல் ஒளிச் சபைக்காரர்கள் தங்கள் பைபிள்களைப் புரட்டி ஆறைத் தேடினார்கள். விவாதம் அங்கேயே முடிந்திருந்தால் பத்தொன்பது வருஷத்தில் முதன்முறையாக யாரோ ஒருவர் தோற்றிருப்பார்.

ஆனால் குறுக்கு விசாரணை பாக்கியிருந்தது. மோஹென் எழுந்தார். காது சிவந்திருந்தது. "சரி மச்சான். ஆறு தப்பு. வச்சுக்குவோம். உங்க திருச்சபைதானே விளக்கம் சொல்லும்? சொல்லுங்க. எத்தனை தரம் கூவுச்சு?"

"அது வந்து, மூல மொழியில..."

"ஒண்ணா, ரெண்டா?"

"திருத்தந்தையர் மரபுல..."

"முப்பது நொடி," என்றார் ஊர்த்தலைவர், விசிலை வாயில் வைத்தபடி.

"ஒண்ணா ரெண்டா மச்சான்? எனக்கு விளங்கல, விளக்குங்க!"

கூட்டம் ஒண்ணா ரெண்டா என்று தாளம் போட ஆரம்பித்தது. கிறிசாந்தோ ஐந்து பைபிள்களையும் பார்த்தார். பத்தொன்பது வருஷமாகக் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்த வசனம் ஒன்றுகூட வரவில்லை.

"ஒண்ணுதான்! மூணு பேர் ஒண்ணுங்கறாங்க, ஒருத்தர் ரெண்டுங்கறார். மாற்கு தப்பா எண்ணிட்டார், அவ்வளவுதான்!"

அவருடைய ஆட்கள் பழக்கதோஷத்தில் கை தட்டினார்கள். நாலு நொடி தட்டியபிறகுதான் எதற்குத் தட்டுகிறோம் என்று உறைத்தது. ஒலிம்பியா டீச்சரின் பேனா நின்றது. ஊர்த்தலைவர் விசில் ஊதினார்.

ஞாயிறு காலைப் பூசை முடிவதற்குள் நேரலையை நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். சான் விடாலில் மொத்தம் ஒன்பதாயிரம் பேர்தான். மீதிப்பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று ஆண்டவருக்கே வெளிச்சம். 'மாற்கு ஒரு பொய்யர்: கத்தோலிக்கத் தலைவர் ஒப்புதல்' என்று தலைப்புப் போட்டு முதல் ஒளிச் சபையின் மணிலா கிளை பகிர்ந்திருந்தது. அந்த ஞாயிறு மத்தியானம் பன்றிக்கறிக்கு மோஹென் வரவில்லை. கிறிசாந்தோவும் சரியாகச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை காலை பங்குத்தந்தை லெயாண்ட்ரோ போன் செய்தார். "கிறிசாந்தோ, மாற்கு தப்பா எண்ணிட்டார்னு சொன்னீங்களாமே?"

"நானா? நான் அப்படிச் சொல்லவே இல்ல பாதர். ஸ்பீக்கர் சரியில்ல."

கொஞ்ச நேரத்தில் மீன் விற்கும் பெண் ஒருத்தி ஸ்கூட்டர் கண்ணாடி வாங்க வந்தாள். செல்போனை எடுத்துப் பார்த்தாள், கிறிசாந்தோவைப் பார்த்தாள், மறுபடி செல்போனைப் பார்த்தாள். "இதுல இருக்கறது நீங்கதானே?"

"அது வேற யாரோ. எனக்கு அந்த ஆளைத் தெரியாது."

"சட்டை இதே சட்டையால்ல இருக்கு? பேச்சுகூட உங்க பேச்சுதான். வார்த்தையை இழுக்கறதைக் கேட்டாலே தெரியுது."

"சந்தையில நூறு பேர் இந்தச் சட்டை போட்டிருக்கான்! கண்ணாடி வேணுமா வேணாமா?"

மத்தியானம் ஒலிம்பியா டீச்சர் வந்தார். அவரிடம், வீடியோவை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார் கிறிசாந்தோ. டீச்சர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் என்பது சத்தியம் செய்து முடித்தபிறகே நினைவுக்கு வந்தது.

பின்கட்டில் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்த பிராசிங், "மூணு," என்றாள்.

"எது?" என்றார் கிறிசாந்தோ திடுக்கிட்டு.

"முட்டைய்யா. வேற எதை எண்ணுவேன்?"

அதற்குப் பிறகும் பலபேர் கேட்டார்கள், பலபேரிடம் இல்லையென்றார். புதன்கிழமைக்கு மேல் பிராசிங்கும் எண்ணுவதை விட்டுவிட்டாள். சேவல்கள் இரவும் பகலும் கூவிக்கொண்டுதான் இருந்தன. அந்த ஊரில் அதை யார் காதில் வாங்குவார்கள்?

மறு சனிக்கிழமை பங்கு மண்டபத்தில் விசாரணை வைத்தார்கள். மேசைக்குப் பின்னால் பாதர் லெயாண்ட்ரோ, பக்கத்தில் ஒலிம்பியா டீச்சர், எதிரே சங்கத்து உறுப்பினர்கள் ஒன்பது பேர். வீடியோ வெட்டி ஒட்டப்பட்டது என்று தலைவரே சொல்வதால், நேரில் கேட்டவர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அதில் மோஹெனும் ஒருவர். எதிராளியைச் சாட்சியாகக் கூப்பிடும் சங்கத்தை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது. ஆனால் அவர்தான் இரண்டடி தூரத்தில் நின்றவர்.

முதலில் ஒலிம்பியா டீச்சர் தன் குறிப்பைப் படித்தார். "'மாற்கு தப்பாக எழுதிவிட்டார்' என்று சொன்னார்."

இரண்டாவது உறுப்பினர், "'மாற்குக்கு எண்ணத் தெரியாது'ன்னு சொன்னாரு," என்றார். மூன்றாமவர், "'மாற்கு மறந்துட்டாரு'ன்னுதான் என் காதுல விழுந்துச்சு." பந்தோய் கிழவர் கையில் சேவலோடு வந்திருந்தார். "சொன்னான். ரெண்டு தரம் சொன்னான். எனக்கு ஒரு காதுதான் கேக்கும், அதுலயே ரெண்டு தரம் கேட்டுச்சு."

அப்புறம் மோஹென். எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். கிறிசாந்தோ கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்குச் சரியாக் கேக்கல," என்றார் மோஹென் தரையைப் பார்த்து. "ஸ்பீக்கர் கரகரன்னு இருந்துச்சு. மச்சான் என்னமோ சொன்னார். என்னன்னு தெரியல."

பத்தொன்பது வருஷமாகக் கிறிசாந்தோ வாயிலிருந்து ஒரு தவறான சொல் விழாதா என்று பாய்விரித்துக் காத்திருந்த மனுஷன், விழுந்தபின் பார்க்கவில்லை என்கிறார்! அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் கிறிசாந்தோ தப்பித்திருப்பார். ஆனால் வாய் அவருடையது அல்லவா.

துள்ளி எழுந்தார். "கேட்டீங்களா பாதர்! ஒருத்தர் 'எழுதிட்டார்'ங்கறார், ஒருத்தர் 'எண்ணத் தெரியாது'ங்கறார், ஒருத்தர் 'மறந்துட்டார்'ங்கறார், அண்ணன் ரெண்டு தரம்ங்கறார், இவருக்குக் கேக்கவே இல்லையாம்! அஞ்சு சாட்சி, அஞ்சு கதை! ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகல! ஆகவே நான் சொல்லவே இல்லைன்னு நிரூபணமாயிடுச்சு!"

யாரும் கை தட்டவில்லை. சாட்சிகளின் வார்த்தை வேறுபட்டால் சம்பவமே நடக்கவில்லை என்பவன் மூடன் என்று போன வருஷம் இதே மண்டபத்தில் மூன்று நாள் வகுப்பெடுத்தவர் அவர்தான். வந்திருந்த ஒன்பது பேரும் அந்த வகுப்பில் சான்றிதழ் வாங்கியவர்கள். சான்றிதழில் கையெழுத்துக்கூட அவருடையது. பாதர் லெயாண்ட்ரோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைக்க ஆரம்பித்தார், சிரிப்பை மறைக்க அவருக்கு வேறு வழி தெரியாது.

கடைசி நாற்காலியில் மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்த பிராசிங் கத்தியைக் கீழே வைத்தாள்.

"பாதர், நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"இந்த மாற்குக்கு, பேதுரு மறுதலிச்ச கதையை யாரு சொன்னது? அவரு அங்க இருந்தாரா?"

"இல்லம்மா. பேதுரு சொல்லக் கேட்டு எழுதினார்னுதான் அந்தக் காலத்துப் பெரியவங்க சொல்லியிருக்காங்க."

"அப்ப பேதுருவே சொன்னதா? நான் பயந்தாங்கொள்ளி, வேலைக்காரப் பொண்ணு கேட்டதுக்கே நடுங்கிப் பொய் சொன்னேன்னு, அவரே ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுப் போனாரா?"

"ஆமா."

"எல்லாருக்கும் மேல பெரிய தலைவரா ஆனப்புறமுமா?"

"ஆனப்புறமும்தான்."

பிராசிங் கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் பேசுவதற்கு மேடையும் இல்லை, மைக்கும் இல்லை. ஆனால் மண்டபத்தில் ஒரு நாற்காலிகூட முனகவில்லை.

"சந்தையில ஒரு மீன்காரி இருக்கா. 'இது நேத்து மீனு, இதை எடுக்காதே'ன்னு அவளே சொல்லுவா. அதனாலதான் மத்த மீனை முகர்ந்து பாக்காம வாங்குறேன். இந்தப் புஸ்தகத்தை எழுதினவங்க ஏமாத்த நினைச்சிருந்தா முதல்ல மறைச்சிருக்க வேண்டியது இந்தக் கதையைத்தான். நாலு பேருல ஒருத்தர்கூட மறைக்கல. எனக்கு அது போதும். நீங்க ரெண்டு பேரும் பத்தொன்பது வருஷமா கத்துறீங்க, இதை ஒரு தடவை சொல்லியிருக்கீங்களா?"

மோஹென் தலையைச் சொறிந்தார்.

"ரெண்டு தரம் கூவுச்சா ஒரு தரமான்னா," என்றாள் பிராசிங், "தப்புச் செஞ்சவன் காதுக்கு ரெண்டு தரம் கேட்டிருக்கும். கதை கேட்டவங்களுக்கு ஒரு தரமே போதும். நான் படிக்காதவ, தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க." மறுபடி கத்தியை எடுத்தாள். எடுத்தவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "ஆனா நீ சொன்னேய்யா. நடு வரிசையில உக்காந்திருந்தேன். தெளிவாக் கேட்டுச்சு."

கிறிசாந்தோ நின்றுகொண்டே இருந்தார். கை தானாகவே பைபிளைத் தேடிற்று. அன்று ஒன்றுகூடக் கொண்டுவரவில்லை. மோஹெனைப் பார்த்தார். தனக்காகப் பொய் சொன்னவர் இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பேதுருவாவது தனியாகப் பொய் சொன்னார். இவர் மச்சானையும் கூட இழுத்துவிட்டிருக்கிறார்.

"சொன்னேன்," என்றார். "மாற்கு தப்பா எண்ணிட்டார்னு நான்தான் சொன்னேன். கேள்விக்குப் பதில் தெரியல. தெரியலைன்னு சொல்ல வாய் வரல. அதனால ஒரு சுவிசேஷக்காரரைக் காவு குடுத்தேன். மோஹெனுக்கு நல்லாவே கேட்டுச்சு. என்னைக் காப்பாத்தப் பொய் சொல்றான்."

ஒலிம்பியா டீச்சர் அனைத்தையும் குறிப்பேட்டில் எழுதினார். எழுதி முடித்துக் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தார். "ஆதார வசனம்?"

"என்ன டீச்சர்?"

"சங்கத்து விதிப்படி எந்த அறிக்கைக்கும் ஒரு வசனமாவது வேணும். அதிகாரம், வசன எண்."

"வசனம் இல்ல டீச்சர்."

டீச்சர் வெகுநேரம் தயங்கி, அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டார்.

ஒரு வருஷம் மேடையேறக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. விவாத நாட்களில் திடலில் நாற்காலி போட்டு எடுத்துவைக்கும் பொறுப்பு மட்டும் தரப்பட்டது. பாதர் லெயாண்ட்ரோ பிராசிங்கை மாதர் சபைக் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார். தனக்குப் பன்றிக்குத் தீனி வைக்கிற நேரம் அது என்று அவள் சொல்லிவிட்டாள்.

வெளியே மாமரத்தடியில் மோஹென் காத்திருந்தார்.

"உனக்காகப் பொய் சொன்னேன். எல்லார் முன்னாடியும் போட்டு உடைச்சிட்டியே மச்சான்."

"தெரியாம உடைச்சிட்டேன்."

"என் சபையிலயும் நாளைக்கு விசாரணை. மூப்பருங்க ஆறு மறுதலிப்புக்கு வசனம் கேக்கறாங்க. நான் அப்படிச் சொல்லலைன்னு சொல்லி வச்சிருக்கேன்." மோஹென் செருப்பால் மண்ணைக் கிளறினார். "சாட்சிக்கு நீ வரணும்."

"வந்து என்ன சொல்ல? எனக்கும் காது கேக்கலைன்னா?"

மண்டபத்து வாசலில் பிராசிங் நாற்காலிகளை அடுக்கிவைத்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"கேட்டதைச் சொல்லு," என்றார் மோஹென் கடைசியில்.

"சொன்னா உன்னையும் மேடையில இருந்து எறக்கிடுவாங்க."

"எறக்கட்டும். ஒரு வருஷம் நாமளும் கடலை தின்னுக்கிட்டுப் பாக்கலாம், அடுத்தவன் எப்படி உளறுறான்னு."

மறுநாள் முதல் ஒளிச் சபையின் மூப்பர்கள் முன்னால் கிறிசாந்தோ நின்றார். மோஹென் ஆறு என்று சொன்னது உண்மைதான், முதல் தடவை உரக்கவும் இரண்டாம் தடவை அதைவிட உரக்கவும் சொன்னார் என்று சாட்சி சொன்னார். அந்த அளவுக்கு விவரம் யாரும் கேட்கவில்லை. மூப்பர்களில் பெரியவர், கத்தோலிக்கன் சாட்சியை எப்படி நம்புவது என்று ஒரு கேள்வி எழுப்பினார். அதை வைத்து அவர்களுக்குள் ஒன்றரை மணி நேரம் விவாதம் நடந்தது. மச்சான்கள் இருவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதன்முறையாக, ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.